தேவசகாயம் வகுப்புக்கு வரவில்லை

குஷாய்குடா,
ஹைதராபாத்,
8.8.1999

அன்புள்ள அப்பாவுக்கு ஆக்னஸ் எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். கோர்பாவில் மழை பிடித்துவிட்டதா? சைட் மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? அங்கே இருக்கும் ஒரே போனில் பேசினால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் நம் குடும்பக் கதையைக் கேட்கிறார்கள் என்றீர்கள். அதனால் கடிதம். ஆங்கிலத்தில் எழுதினால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன் என்றீர்கள். அதனால் தமிழ்.

கடைசி வருடம் தொடங்கிவிட்டது. ஜனவரியில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகின்றன. போன வருடம் எங்கள் கல்லூரியில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்கு வேலை கிடைத்தது. அட்டெண்டன்ஸ் எழுபத்தைந்து சதவீதம் இருந்தால்தான் உட்கார விடுவார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. காய்ச்சலோடுகூட உப்பல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவள் நான்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். கல்லூரியில் சேரும்போது இந்த ஊர் வழக்கப்படி ஃபாரத்தில் முதலில் வீட்டுப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது வீட்டுப் பெயர்? நீங்கள் உங்கள் பெயரைப் போட்டீர்கள். மூன்று வருடம் எல்லாரும் ரோல் நம்பரைக் கூப்பிட்டதால் ஒன்றும் தெரியவில்லை. இப்போது புதிதாக ஒரு லெக்சரர் வந்திருக்கிறார். எங்களுக்கு இரண்டு பாடமும் ஒரு லேபும் அவர்தான். மாணவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாசம் வளரும் என்பது அவர் கொள்கை. அவர் கையிலுள்ள லிஸ்ட்டில் கம்ப்யூட்டர் முதல் பெயரை மட்டும் அச்சடித்திருக்கிறது. மற்றவர்கள் தங்கள் வீட்டுப் பெயருக்கே எழுந்து நின்றார்கள். முதல் நாள் "தேவசகாயம்!" என்றார். நீங்கள்தான் லீவில் வந்துவிட்டீர்களோ என்று வாசலைப் பார்த்தேன். யாரும் பதில் சொல்லாததால் தெலுங்கில் "வாடு ராலேதா?" என்றார். அவன் வரவில்லையா என்று அர்த்தம். உங்களை அவன் என்கிறவருக்கு நான் எப்படி 'பிரசன்ட்' சொல்வேன்? வகுப்பு முடிந்ததும் போய், "சார், லிஸ்ட்டில் என் பெயர் இல்லை, நான் ஆக்னஸ்" என்றேன். தேவசகாயம் யார் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பா பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்று அம்மா வளர்த்த வளர்ப்பு. அவர் கீழே என் பெயரைப் பென்சிலில் எழுதிக்கொண்டார். விஷயம் முடிந்தது.

அம்மா ஞாயிறு பூசையில் உங்களுக்காக வேண்டிக்கொள்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆக்னஸ்

*

கோர்பா சைட்,
22.8.1999

அன்பு மகள் ஆக்னஸுக்கு அப்பாவின் ஆசீர்.

ஆண்டவர் தயவில் நான் நலம். நீங்கள் இருவரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். மழை கொட்டுகிறது. மின்நிலையத்தில் பொருத்தக் கொண்டுவந்த கண்ட்ரோல் பேனல்களைத் தார்ப்பாயால் மூடி வைத்துவிட்டு நாங்கள் நனைகிறோம்.

என் பெயரை வகுப்பில் கூப்பிடுவது கேட்டு உள்ளூரச் சந்தோஷம். நான் ஐ.டி.ஐ.யோடு நின்றவன். என் பெயராவது இன்ஜினியரிங் படிக்கட்டும். ஆனால் ஒன்று. இருபத்தாறு வருட சர்வீஸில் என் பெயருக்கு எதிரே 'லேட்' என்றுகூட ஒரு நாள் விழுந்ததில்லை. அதைக் காப்பாற்று. லெக்சரரிடம் வாயாடாதே. பெரிய இடத்தில் இருப்பவர்களிடம் நாம் தலையாட்டிவிட்டு வந்துவிட வேண்டும். நான் அப்படித்தான் போர்மேன் ஆனேன்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
அப்பா

*

குஷாய்குடா,
3.10.1999

அன்புள்ள அப்பா,

இங்கே எல்லாரும் சுகம். அங்கேதான் என்ன என்று தெரியவில்லை. நான் செப்டம்பரில் இரண்டு கடிதம் போட்டேன். உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மா தினமும் தபால்காரரை முறைக்கிறாள். அவர் இப்போது எங்கள் வாசலில் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

நலமா என்று மட்டுமாவது எழுதுங்கள்.

ஆக்னஸ்

*

கோர்பா சைட்,
12.10.1999

அன்பு மகளுக்கு,

நான் பூரண நலம். வேலை அதிகம், அவ்வளவுதான். கையெழுத்து கோணலாக இருந்தால் பயப்பட வேண்டாம், மடியில் வைத்து எழுதுகிறேன். மெஸ்ஸில் எண்ணெய் அதிகம் என்று மோர் சாதத்துக்கு மாறிவிட்டேன். கொஞ்சம் இளைத்திருக்கிறேன், பேன்ட் நன்றாக நிற்கிறது.

அம்மாவிடம் ஒன்று கேட்டு எழுது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலப்பதா, பாலில் கலப்பதா? இங்கே ஒரு நண்பர் கேட்கிறார்.

அன்புடன்,
அப்பா

*

குஷாய்குடா,
25.10.1999

அன்புள்ள அத்தானுக்கு ஜலஜா எழுதிக்கொண்டது.

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. எப்படி இருப்பேன்? இன்று இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. ஆக்னஸ் கல்லூரிக்குப் போய்விட்டாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கமலாவை வாசிக்கச் சொன்னேன். 'தேவசகாயம் வருகை மிகவும் குறைவு, ஒழுங்காக வருவதில்லை, குடும்பத்தார் உடனே வந்து பார்க்கவும்' என்று இருக்கிறதாம். கமலா வாசித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

வேலைக்குப் போகாமல் அங்கே எங்கே சுற்றுகிறீர்கள்? ஒரு மாதம் கடிதம் இல்லாததும் இதனால்தானா? கீழாநெல்லி கேட்கிற அந்த நண்பர் ஆணா பெண்ணா? கல்யாணமாகி இத்தனை வருடத்தில் உங்களை ஒரு வார்த்தை சந்தேகப்பட்டதில்லை. இப்போது கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

கீழாநெல்லி மோரில்தான்.

இப்படிக்கு,
ஜலஜா

*

குஷாய்குடா,
29.10.1999

அன்புள்ள அப்பா,

அம்மாவின் கடிதத்தை மறந்துவிடுங்கள். கமலா ஆன்ட்டி தலைப்பையும் கடைசிப் பத்தியையும் வாசிக்கவே இல்லை. அது கல்லூரி பிரின்சிபால் அனுப்பியது. வருகை குறைந்த தேவசகாயம் நீங்கள் இல்லை, நான்தான்.

அந்த லெக்சரர் ஆகஸ்டிலிருந்து லிஸ்ட்டிலுள்ள தேவசகாயத்துக்குத் தினமும் ஆப்சென்ட் போட்டிருக்கிறார். கீழே பென்சிலில் எழுதிய ஆக்னஸுக்குத் தினமும் பிரசன்ட் போட்டிருக்கிறார். ஆபீஸில் அச்சான பெயரை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். இரண்டு பாடமும் லேபும் போய் மொத்தம் அறுபத்தாறுக்கு வந்துவிட்டது. ஹால் டிக்கெட் கிடையாது என்கிறார்கள்.

ஆபீஸ் அட்டெண்டர் யூசுஃப் பாய் என்னைத் தேற்றினார். "கைக்கு டென்ஷன் லேதே பேட்டா? டாக்டர் சர்ட்டிபிகேட் லா, ஃபைன் பர், பஸ்!" எதற்குக் கவலை, சர்ட்டிபிகேட் கொண்டு வா, ஃபைன் கட்டு, அவ்வளவுதான் என்கிறார். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம். சர்ட்டிபிகேட் கொடுத்து ஃபைன் கட்டினால் பிரின்சிபால் பரீட்சை எழுத விடுவார். ஆனால் அப்படி மன்னிப்பு வாங்கியவர்கள் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார முடியாது. அப்பா, நான் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. போகாத வகுப்புக்கு மன்னிப்புக் கேட்கலாம். போன வகுப்புக்கு எப்படிக் கேட்பது?

என் வகுப்புத் தோழி மைதிலியும் நானும் லைப்ரரியில் பல்கலைக்கழக விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினோம். லைப்ரரியன் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அதன் மேல் வைத்திருந்த டேபிள் ஃபேனை இறக்கிவிட்டுக் கொடுத்தார். அதில் என்ன இருக்கிறது தெரியுமா? மாதா மாதம் வருகைக் கணக்கை நோட்டீஸ் போர்டில் போட வேண்டும். போடவே இல்லை. ஹால் டிக்கெட்டை நிறுத்தும் முன் மாணவர் சொல்வதை, சம்பந்தப்பட்ட லெக்சரரையும் எதிரே வைத்துக் கேட்க வேண்டும். கேட்கவே இல்லை. எனக்கு விசாரணை வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கவலைப்படாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்னஸ்

*

கோர்பா சைட்,
8.11.1999

அன்பு மகளுக்கு,

நலம். நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

விசாரணையை நீயே கேட்டு வாங்கினாயா? எங்கள் ஃபாக்டரியில் விசாரணை என்றால் ஆள் காலி என்று அர்த்தம். சிவஞானத்தை விசாரித்தார்கள், மூன்று இன்க்ரிமென்ட் போயிற்று. சந்தானத்தை விசாரித்தார்கள், அவர் இப்போது பிஸ்கட் ஏஜென்சி நடத்துகிறார். விதிப் புத்தகம் மேலே இருப்பவர்கள் நம்மைப் பிடிப்பதற்கு அச்சடித்தது. நாம் அவர்களைப் பிடிக்க அதை எடுத்தால் யார் சும்மா இருப்பார்கள்?

போய்ப் பிரின்சிபாலிடம் கெஞ்சிக் கேள். கண்ணில் தண்ணீர் வந்தால் நல்லது. வராவிட்டால் என்னை நினைத்துக்கொள். இன்டர்வியூ போனால் போகிறது, வருடம் போகக் கூடாது. சர்ட்டிபிகேட்டுக்கு நான் ஏற்பாடு செய்யட்டுமா? பொய் சொல்லக் கூடாது என்று உன்னை வளர்த்தவன் நான். அதனால்தான் யோசிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா

*

குஷாய்குடா,
15.11.1999

அன்புள்ள அப்பா,

சுகம். விசாரணைக்கு 22ஆம் தேதி கிடைத்துவிட்டது! "நான் பிரின்சிபாலாக இருக்கும் காலத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் நீ" என்றார் பிரின்சிபால். பாராட்டா திட்டா என்று தெரியவில்லை.

சர்ட்டிபிகேட் வேண்டவே வேண்டாம். தினமும் வந்தேன் என்று நான் அங்கே நின்று சொல்லப் போகிறேன். படுத்த படுக்கையாக இருந்தேன் என்று ஒரு காகிதம் வந்தால் நான்தான் பொய்க்காரி ஆவேன். தயவுசெய்து நீங்கள் ஒன்றும் செய்யாதீர்கள். சத்தியம் செய்து கொடுங்கள்.

ஆக்னஸ்

*

கோர்பா சைட்,
17.11.1999

அன்பு மகளுக்கு,

நலமே. உன் மறுகடிதத்துக்குக் காத்திராமல் எழுதுகிறேன். ஒரு சின்ன உதவி செய்திருக்கிறேன். பிரின்சிபாலுக்கு நேற்று ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று அனுப்பினேன். பயப்படாதே, அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

நீ ஒன்றும் கேட்காதே. நன்றாகச் சாப்பிடு.

அப்பா

*

குஷாய்குடா,
23.11.1999

அப்பாவுக்கு,

இன்றைக்கு சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை. நேற்று நடந்ததை எழுதுகிறேன், பிறகு உங்களைக் கவனித்துக்கொள்கிறேன்.

பிரின்சிபால் அறையில் அவரும் எங்கள் துறைத் தலைவரும் அந்த லெக்சரரும் இருந்தார்கள். மைதிலி வெளியே யூசுஃப் பாயோடு நின்றாள். விதிப் புத்தகத்திலிருந்து எழுதிக்கொண்டு போனதை நான் வாசித்தேன். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. பிரின்சிபால் லெக்சரரைப் பார்த்து, "தேவசகாயம் வகுப்புக்கு வருவதுண்டா?" என்று கேட்டார்.

"ஒரு நாள்கூட வந்ததில்லை சார். ரொம்ப மோசமான பையன்" என்றார் அவர்.

"சார், தேவசகாயம் பையன் இல்லை, என் அப்பா" என்றேன்.

"அப்பாவும் இதே வகுப்பா?" என்றார். அப்பா, நான் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"நான் ஆக்னஸ் சார். தினமும் முன் வரிசையில்."

"இந்தப் பெண்ணைத் தெரியும் சார். தினமும் வரும். கேள்வி கேட்டே உயிரை வாங்கும். ஒரு நாளாவது லீவு போடாதா என்று நானே நினைத்திருக்கிறேன்" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

அப்போதுதான் பிரின்சிபால் மேஜை டிராயரைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். "அப்படியானால் இது என்னம்மா? உன் வீட்டிலிருந்து வந்திருக்கிறது. மஞ்சள் காமாலையில் படுத்திருந்ததாக டாக்டர் சர்ட்டிபிகேட். தினமும் வந்தேன் என்கிறாய், படுத்திருந்தேன் என்கிறாய். எது பொய்?"

எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன். உங்களை மனதுக்குள் திட்டினேன். எப்படியெல்லாம் என்று எழுத மாட்டேன்.

லெக்சரர் எட்டிப் பார்த்தார். "தேவசகாயம் என்றுதானே சார் போட்டிருக்கிறது? பாவம், ஜாண்டிஸா? அதான் வரவில்லை. நான் சும்மா திட்டிவிட்டேன்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிரின்சிபால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். "தேவசகாயம், ஆண், வயது ஐம்பத்திரண்டு, போர்மேன், கோர்பா." கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார், லிஸ்ட்டைப் பார்த்தார், லெக்சரரைப் பார்த்தார். "இத்தனை மாதமும் கோர்பாவில் இருக்கிற ஒரு போர்மேனுக்கா ஆப்சென்ட் போட்டுக்கொண்டிருந்தீர்கள்?" என்றார். துறைத் தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், முதுகு குலுங்கியது. அங்கேயே உத்தரவு எழுதினார்கள். முழு வருகை, ஹால் டிக்கெட், இன்டர்வியூவுக்குத் தடையில்லை. இனிமேல் மாதா மாதம் நோட்டீஸ் போர்டில் கணக்கு போடவும் உத்தரவு.

நான் அந்தச் சர்ட்டிபிகேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து அக்டோபர் பாதி வரை. ஆஸ்பத்திரியில் சேர்த்த தேதி, இரத்தப் பரிசோதனை, எல்லாம். உங்கள் கடிதம் வராத நாட்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன் அப்பா. ஏங்கி ஏங்கி அழுதேன். பிரின்சிபால் பயந்துபோய், "உத்தரவு போட்டாச்சும்மா, இன்னும் ஏன் அழுகிறாய்? வேண்டுமானால் நோட்டீஸ் போர்டையும் புதிதாக வாங்குகிறேன்" என்றார். லெக்சரர் தண்ணீர் கொண்டு வந்தார்.

சர்ட்டிபிகேட்டில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லைதான். 'நான் பூரண நலம்' என்று எனக்கு எழுதினீர்களே, அது என்ன? ஊர் பேர் தெரியாத பிரின்சிபாலுக்கு ஸ்பீட் போஸ்ட்டில் உண்மை. எனக்குப் பொய்.

விதிப் புத்தகத்தில் மாணவருக்கு என்ன உரிமை என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. மகளுக்கு என்ன உரிமை என்று யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். அப்பா படுத்தால் மகளுக்கு அன்றைக்கே தெரிய வேண்டும். மீறினால் அப்பீல் கிடையாது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சந்தேகப்பட்டதற்காக அவளும் அழுதாள். நாளை செகந்திராபாத்தில் ரயிலேறுகிறாள். பையில் கீழாநெல்லி இருக்கிறது.

ஆக்னஸ்

*

கோர்பா சைட்,
5.12.1999

அன்பு மகள் ஆக்னஸுக்கு,

அம்மா வந்து சேர்ந்தாள். வாசலில் நின்று என் கண்ணைப் பிரித்து வெள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். கடவுள் சத்தியமாக இப்போது குணமாகிவிட்டது. நம்பாவிட்டால் அவளையே கேள்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத நான்கு நாளாக முயற்சி செய்கிறேன். உனக்குப் பரீட்சை வருடம், அதனால் சொல்லவில்லை என்றுதான் முதலில் எழுதினேன். கிழித்துவிட்டேன். அது பாதிதான். பயந்துவிட்டேன் மகளே. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர் ஒருவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. உங்களுக்கு எழுதினால் நிஜமாகிவிடும் போல இருந்தது. நலம் என்று எழுதினால் நலமாகிவிடுவேன் என்று நினைத்தேன். வேறு சாமர்த்தியம் எனக்குத் தெரியாது.

சர்ட்டிபிகேட் அனுப்பியதும் அப்படித்தான். பெயர் தேவசகாயம், வராதவன் தேவசகாயம், நோய் தேவசகாயத்துக்கு. பொய் சொல்லாமல் உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து அன்று நிம்மதியாகத் தூங்கினேன். உன்னைக் கவிழ்க்கப் பார்த்திருக்கிறேன் என்று இப்போதுதான் புரிகிறது.

பெரிய இடத்தில் நிமிர்ந்து நின்று கேட்க நான் ஒரு நாளும் துணிந்ததில்லை. நீ கேட்டிருக்கிறாய். உன் கடிதத்தை இங்கே எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். உன் லெக்சரர் பேசியதைக் கேட்டு இன்ஜினியர் தினேஷ் நாற்காலியிலிருந்து விழுந்தார். நீ அழுத இடத்தை மட்டும் வாசிக்கவில்லை.

பரீட்சையை நன்றாக எழுது.

அன்புடன்,
அப்பா

*

குஷாய்குடா,
28.1.2000

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு,

வேலை கிடைத்துவிட்டது! நேற்று இன்டர்வியூ, இன்று லிஸ்ட். "தேவசகாயம் ஆக்னஸ்" என்று முழுப் பெயரையும் வாசித்தார்கள். வாசலைப் பார்க்காமல் முதல் தடவை கூப்பிட்டதுமே எழுந்து நின்றேன். லெக்சரர் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். யூசுஃப் பாய் இரண்டு எடுத்துக்கொண்டார்.

மைதிலிக்கும் கிடைத்திருக்கிறது, அவளுக்கு ஹைதராபாத்திலேயே. எனக்குப் புனே. ஜூனில் சேர வேண்டும்.

'நான் ரொம்ப நலம், ரொம்பச் சந்தோஷம், கவலை வேண்டாம்' என்று எழுதி ஒட்டி, தபால் பெட்டி வரை கொண்டு போய்விட்டுத் திரும்பக் கொண்டு வந்தேன். இது இரண்டாவது கடிதம். எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. புனேயில் எனக்கு ஒருவரையும் தெரியாது. இன்று மதியத்திலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் இருவரும் இல்லாத இந்த வீட்டில் இரண்டு மாதம் இருந்ததிலேயே எனக்கு அழுகை வந்தது, உங்களிடம் சொல்லவில்லை.

சேரும் நாளில் நீங்களும் அம்மாவும் என்னோடு ரயிலில் புனே வரை வர வேண்டும். ஒரு வாரமாவது கூட இருந்துவிட்டுப் போக வேண்டும். எந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினாலும் இதைக் கேட்க எனக்கு வழியில்லை. கெஞ்சித்தான் கேட்கிறேன்.

உங்கள்,
ஆக்னஸ்